தேதி குறிக்கப்படாத தேர்தல்கள்: சாத்தான்குளமும் உள்ளாட்சி வாக்குரிமையும்

சாத்தான்குளத்திலிருந்து தட்டார்மடம் வழியாகத் திசையன்விளைக்குப் போகும் சாலையில், செம்மண் தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவே, மாவட்டம் மாறுகிறது. முதலூர் தூத்துக்குடி மாவட்டம். தெற்கே இடையன்குடி திருநெல்வேலி மாவட்டம். பேச்சு ஒன்று, மண் ஒன்று, கொண்டான் கொடுத்தான் உறவும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் 2020 ஜனவரி முதல் 2021 அக்டோபர் வரை, மாவட்டக் கோட்டுக்கு இந்தப் பக்கம், தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்கள் இருந்தார்கள். அந்தப் பக்கம் இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதிக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. இந்தப் பக்கம் அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். அந்தப் பக்கம் தலைவர் இருந்தார். இரண்டு பக்கத்துக்கும் அரசமைப்புச் சட்டம் ஒன்றுதான், ஊராட்சிச் சட்டம் ஒன்றுதான், மாநிலத் தேர்தல் ஆணையமும் ஒன்றுதான்.

வாக்குரிமைக்கு வரும் ஆபத்துகளைப் பற்றிப் பேசும்போது நாம் பட்டியலில் பெயர் விடுபடுவதைச் சொல்கிறோம், வாக்குக்குப் பணம் கொடுப்பதைச் சொல்கிறோம், வாக்குச்சாவடியில் நடக்கும் மிரட்டலைச் சொல்கிறோம். இவையெல்லாம் தேர்தல் என்ற ஒன்று நடந்தால் வரும் ஆபத்துகள். தேர்தலையே நடத்தாமல் விடுவது இவற்றைவிட அமைதியான வேலை. யாருடைய வாக்கும் மறுக்கப்படுவதில்லை. நாள் மட்டும் குறிக்கப்படுவதில்லை. தாமிரபரணிப் படுகையின் உள்ளாட்சி வரலாற்றைக் கடந்த பத்தாண்டுகளுக்குப் புரட்டிப் பார்த்தால், வாக்குரிமை இங்கே பறிபோன இடம் நாட்காட்டி என்பது தெளிவாகத் தெரியும்.

ஒத்திப்போடுவதை ஆயுதமாக்கும் கலையில் உலகம் நன்கு அறிந்த உதாரணம் அமெரிக்க செனட் சபையின் ஃபிலிபஸ்டர். ஒரு மசோதா பிடிக்காத உறுப்பினர்கள் விவாதத்தை முடிய விடாமல் இழுத்துக்கொண்டே போய், வாக்கெடுப்பே நடக்காமல் தடுத்துவிடுவார்கள். 1917-இல்தான் விவாதத்தை முடித்துவைக்க ஒரு விதி வந்தது. அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. 1975-இல் அதை ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 உறுப்பினர்களாகக் குறைத்தார்கள். இந்த விதி யாருக்கு அதிகம் பயன்பட்டது என்பதை வரலாறு ஒளிக்கவில்லை. 1957-இல் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் நின்றபடி பேசினார். 1964-இன் குடிமை உரிமைச் சட்டத்தை 60 வேலைநாட்கள் இழுத்தடித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி 71-க்கு 29 என்ற வாக்குகளில் அந்தத் தடை உடைந்தது. மறு ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைக் காவலர்கள் தடியால் அடித்தார்கள். அதன் அதிர்ச்சியில்தான் ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசிடம் முன்அனுமதி பெற வேண்டும் என்ற, அந்தச் சட்டத்தின் உயிர்நாடியான ஏற்பாட்டை 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. செல்மாவில் அடிபட்டவர்களில் ஒருவரான ஜான் லூயிஸ் 2020 ஜூலையில் இறந்தபோது, அவருடைய இறுதிச் சடங்கில் பேசிய ஒபாமா, ஃபிலிபஸ்டரை இனஒதுக்கல் காலத்தின் மிச்சம் என்றார். அடுத்த ஒன்றரை ஆண்டு அங்கே தெருவில் இறங்கியவர்கள் ஒன்றை உணர்ந்தார்கள்: சபையின் நடைமுறை விதியை மாற்றாமல் வாக்குரிமையை மீட்க முடியாது. வீடு வீடாகப் போய் வாக்காளர்களைச் சேர்த்தவர்கள், அதே வேகத்தில் செனட் விதிப்புத்தகத்தின் ஒரு பத்தியைப் பற்றியும் மக்களிடம் பேசத் தொடங்கினார்கள். 2022 ஜனவரி 19-ஆம் தேதி விதியை மாற்ற ஜனநாயகக் கட்சி எடுத்த முயற்சி 48-க்கு 52 என்று தோற்றது. ஜோ மான்சின், கிர்ஸ்டன் சினிமா என்ற அக்கட்சியின் இரண்டு உறுப்பினர்களும் எதிராக வாக்களித்தார்கள்.

தோற்ற முயற்சிதான். ஆனாலும் உரிமைக்கான இயக்கம் நடைமுறைக்கான இயக்கமாக விரிந்தது நமக்குப் பாடம். நம் சட்டமன்றங்களில் ஃபிலிபஸ்டர் கிடையாது. ஆளும் தரப்பு நினைத்தால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போய்விடலாம். அங்கே சிறுபான்மைத் தரப்பு பேசிப் பேசித் தாமதிக்கிறது. இங்கே அதிகாரத்தில் இருப்பவர்கள் பேசாமல் இருந்தே தாமதிக்கிறார்கள். அதை உடைக்க என்ன விதி வேண்டும் என்ற கேள்வியை நம் மக்கள் இயக்கங்கள் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

பத்து ஆண்டு நான்கு மாதம்

73-ஆம், 74-ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு 243இ, நகர அமைப்புகளுக்கு 243யு ஆகிய பிரிவுகளின்படி ஓர் உள்ளாட்சி அமைப்பின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. அந்த ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தில் இவ்வளவு கண்டிப்பான வாசகங்கள் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986-இல்தான். 1991-இல் அந்தக் காலமும் முடிந்தது. 1996 வரை மீண்டும் வெறுமை. இந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டத்தான் அந்தத் திருத்தங்கள் வந்தன.

1996, 2001, 2006, 2011 என்று நான்கு முறை தேர்தல் காலத்தோடு நடந்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் அடுத்தது நடக்க வேண்டும். அறிவிப்பு வந்து, வேட்புமனுத் தாக்கலும் தொடங்கிவிட்டது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க.வின் ஆர்.எஸ். பாரதி தொடர்ந்த வழக்கில், அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. குறையைத் திருத்திச் சில வாரங்களில் புது அறிவிப்பு வெளியிட்டிருக்கலாம். அது நடக்கவில்லை. அந்த மாதமே உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

முதலில் தற்காலிக ஏற்பாடாக வந்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா, எதிர்க்கட்சிகளின் கண்டனம், நிறைவேற்றம். 2017 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், நவம்பர் 17-க்குள் தேர்தலை முடிக்கும்படி உத்தரவிட்டது. அதுவும் நடக்கவில்லை; நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. வார்டு மறுவரையறை முடியவில்லை என்பது அரசு சொன்ன காரணம். மறுவரையறை முடிந்தபோது புது மாவட்டங்கள் பிறந்தன. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. வேலூர், விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களும் பிரிந்தன. எல்லை மாறிய ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் தேர்தல் நடத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

அப்படித்தான் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் வாக்குப்பதிவு நடந்தது. 9,624 ஊராட்சித் தலைவர்கள், 76,746 வார்டு உறுப்பினர்கள் இடங்களுக்கான தேர்தல் அது. சாத்தான்குளம் ஒன்றியத்துக் கிராமங்கள் உட்பட, தூத்துக்குடி மாவட்டத்தின் 403 ஊராட்சிகளும் அதில் அடக்கம். திருநெல்வேலி, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் 6, 9 வரை காத்திருப்பு. அதுவும் செப்டம்பருக்குள் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு. அந்த ஒன்பது மாவட்டங்களில் மட்டும் 27,003 பதவிகள், ஐந்தாண்டு, அதாவது ஒரு முழுப் பதவிக்காலம், காலியாகக் கிடந்தன. மாநிலத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்று 2016-இல்தான் சட்டம் செய்திருந்தார்கள். அந்த இடஒதுக்கீடு முதல்முறையாக மேடையேற வேண்டிய தேர்தல்தான் இப்படி நின்றுபோனது. ஒவ்வொரு நாள் தாமதத்தின் பாதியும் பெண்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

சாத்தான்குளம் ஊருக்குள் இருப்பவர்களின் கதை இன்னும் நீளம். ஊர் பேரூராட்சி. கிராமங்கள் 2019-இல் வாக்களித்தபோது பேரூராட்சிக்குத் தேர்தல் இல்லை. 2011 அக்டோபரில் வாக்களித்தவர்கள், 2022 பிப்ரவரி 19 அன்று மாநிலத்தின் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 490 பேரூராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தபோதுதான் மறுபடி வாக்களித்தார்கள். இடைவெளி பத்து ஆண்டு நான்கு மாதம். 2011 தேர்தல் முடிந்த மறுமாதம் 18 வயதைத் தொட்ட ஒரு பெண், தன் தெருவுக்கு ஒரு வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போது 28 வயதுக்காரி. அதற்குள் அவர் இரண்டு நாடாளுமன்றத் தேர்தலிலும் இரண்டு சட்டமன்றத் தேர்தலிலும் வாக்களித்திருப்பார். பிரதமரையும் முதலமைச்சரையும் தீர்மானிப்பதில் அவருக்குப் பங்கு இருந்தது. வீட்டு முன் ஓடும் சாக்கடையைத் தீர்மானிப்பதில் இல்லை.

யாரிடம் போவது

தனி அலுவலர் என்பவர் கெட்டவர் என்பதல்ல என் வாதம். பெரும்பாலும் யூனியன் ஆபீஸில் ஏற்கெனவே வேலை குவிந்து கிடக்கும் ஓர் அதிகாரி அவர். பல ஊராட்சிகள் அவர் தலையில் ஏற்றப்படுகின்றன. பிரசிடெண்ட் என்றால் நிலைமை வேறு. குடிதண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டால் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். சத்தம் போடலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தனி அலுவலரிடம் சொல்ல முடியாது.

சாத்தான்குளம் வட்டாரத்தில் இது தண்ணீர் விஷயம். தாமிரபரணியின் பழைய கால்வாய்கள் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயலை நனைக்கும். இந்தத் தேரிக்காட்டுக்கு எட்டாது. 1958-இல் முடிந்த மணிமுத்தாறு அணையின் பிரதான கால்வாயில் மூன்றாம், நான்காம் ரீச்சுகளில் தண்ணீர் திறந்தால்தான் இங்குள்ள குளங்கள் நிறையும். கடைமடை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்க வேண்டிய தண்ணீர். வெள்ளாங்குழியில் தொடங்கி எம்.எல். தேரி வரை வரும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயும் இந்தத் தாகத்தை மனதில் வைத்துத்தான் திட்டமிடப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றியக்குழு இல்லாத ஆண்டுகளில் எந்தக் குளத்தை முதலில் தூர்வாருவது என்ற முடிவு அலுவலகக் கோப்புக்குள் நடக்கிறது. அங்கே உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு வாங்கும் இடமே இல்லை.

பணமும் நின்றது. பதினான்காவது நிதி ஆணையத்தின் மானியம், முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கு என்றே வகுக்கப்பட்டது. தேர்தல் நடத்தாத காரணத்தால் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தொகை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆனால் நிதியைவிடப் பெரிய இழப்பு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். இரண்டும் தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தவை, இரண்டும் இந்த வெறுமை நிலவிய ஆண்டுகளில் நடந்தவை.

2018 பிப்ரவரியில் அ. குமரெட்டியாபுரம் மக்கள் ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். அப்போது அவர்கள் ஊராட்சிக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. ஒன்றியக்குழு இல்லை, மாவட்ட ஊராட்சி இல்லை, தூத்துக்குடி மாநகராட்சிக்கு மேயர் இல்லை, மாமன்றம் இல்லை. போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்று மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மாமன்றம் இருந்திருந்தால் இந்தச் சாவுகள் நடந்திருக்காது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் அந்த நூறு நாளில் ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து நின்று தீர்மானம் கொண்டுவரவும், மேயர் பதில் சொல்லவும், வாக்கெடுப்பு நடக்கவும், பத்திரிகைகள் எழுதவும் ஓர் அவை இருந்திருக்கும். கோபம் தெருவுக்கு வருவதற்கு முன் தங்கிப் பேச வேண்டிய கூடம் பூட்டிக் கிடந்தது. மக்களுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் நடுவில் யாருமே இல்லை.

இரண்டாவது நிகழ்வு, சாத்தான்குளம் என்ற பெயரை நாடு முழுவதும் உச்சரிக்க வைத்தது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி, கடைத்தெருவில் வணிகம் செய்த தந்தையையும் மகனையும் காவல்நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சித்திரவதை செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும் ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து, காவல்நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. பிறகு சி.பி.ஐ. விசாரணை.

அந்த ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் பேரூராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. நம் ஊர்களில் ஒருவரைக் காவல்நிலையத்துக்கு இழுத்துப் போனால் முதலில் கூப்பிடுவது யாரை? வழக்கறிஞரை அல்ல. கவுன்சிலரை, சேர்மனை. அவர்கள் போய் ஸ்டேஷன் வாசலில் நின்றால் உள்ளே கொஞ்சமாவது கை தாழும் என்ற நம்பிக்கை. அது எப்போதும் பலிக்கும் என்பதல்ல. ஆனால் அந்த இரவில் அந்த ஊருக்கு அப்படி ஒருவர்கூட இருக்கவில்லை என்பதும், அதற்குக் காரணம் நடத்தப்படாத ஒரு தேர்தல் என்பதும் உண்மை. அந்தக் கொடுமையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில் இந்த ஒன்று அதிகம் கவனிக்கப்படவில்லை என்பது எனக்கு வேதனை.

மக்கள் என்ன செய்தார்கள்

வெறுமையாகக் கிடந்த ஆண்டுகளில் கிராம சபைதான் தாங்கிப் பிடித்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களிலும், தலைவர் இல்லாவிட்டாலும் சபை கூடியாக வேண்டும். ‘தன்னாட்சி’ போன்ற அமைப்புகள் கிராம சபை என்றால் என்ன, தீர்மானத்தை எப்படிப் பதிவு செய்ய வைப்பது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். 2018-இல் மக்கள் நீதி மய்யம் மாதிரி கிராம சபை நடத்தியது. 2019 தொடக்கத்தில் தி.மு.க. ஊராட்சி சபைக் கூட்டங்களை நடத்தியது. அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் பல இளைஞர்கள் கிராம சபை என்ற சொல்லை அந்த ஆண்டுகளில்தான் தங்கள் உரிமையாக உணர்ந்தார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. 2016-இல் வழக்குப் போட்டது தி.மு.க.; அதன் பிறகு தேர்தலை நடத்தாமல் இருந்தது அ.தி.மு.க. அரசு. 2019 தேர்தலில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது ஆட்சியில் இருந்தது தி.மு.க. அப்போதும் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களை நியமிக்க அதே மாதம் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. முதல் கெடு ஆறு மாதம். அது முடிந்த பின்னும் அந்த ஆண்டில் தேர்தல் வரவில்லை. இம்முறை சொல்லப்பட்ட காரணங்களிலும் மறுவரையறை இருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது உள்ளாட்சித் தேர்தல் கேட்பதும், ஆளும் வரிசைக்கு வந்தபின் தனி அலுவலரை நியமிப்பதும் தமிழ்நாட்டில் கட்சி கடந்த மரபாகிவிட்டது. அதனால்தான் இதை ஒரு கட்சியின் குற்றமாகப் பார்ப்பதில் பயனில்லை என்கிறேன். விதியில் ஓட்டை இருக்கிறது; யார் வந்தாலும் அதன் வழியாகத்தான் போகிறார்கள்.

தாமதிப்பவர்கள் எப்போதும் கோட்டையில் மட்டும் இருப்பதில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டு அங்கே தலைவர் பதவி நிலைக்கவில்லை. வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தால், ஆதிக்கச் சாதியினர் நிறுத்தியவர் வென்ற சூட்டோடு ராஜினாமா செய்வார். தேர்தல் நடந்தது என்று பதிவேடு சொல்லும். தலைவர் நாற்காலி காலியாக இருக்கும். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடாமல் எழுப்பிய குரலும், அப்போதைய மதுரை ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊருக்குள் போய்ப் பேசிய பேச்சும் சேர்ந்து, 2006 அக்டோபரில் அங்கே தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள்.

நாற்காலியில் அமர்ந்த பிறகும் பாதுகாப்பு இல்லை. 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். திருநெல்வேலியை ஒட்டிய தாழையூத்தில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவி கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் அரிவாளால் வெட்டினார்கள். அவர் பிழைத்தது பெரும் போராட்டம். தேர்தல் தள்ளிப்போவதால் அதிகம் இழப்பவர்கள் யார் என்று கேட்டால் இந்தப் பெயர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். வசதியும் சாதிபலமும் உள்ளவருக்குத் தலைவர் பதவி இல்லாவிட்டாலும் யூனியன் ஆபீஸில் நாற்காலி போடுவார்கள். ஒதுக்கீட்டின் வழியாக மட்டுமே அந்தப் படியில் ஏற முடிந்தவர்களுக்கு, தேர்தல் இல்லாத ஐந்தாண்டு என்பது ஒரு தலைமுறையின் வாய்ப்பு.

மாநில அரசும் இதே ஆயுதத்தால் அடிபட்டிருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய பத்து மசோதாக்களை ஆளுநர் ஆர்.என். ரவி நிறுத்திவைத்தார், 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி அவற்றை மறுபடி நிறைவேற்றினார்கள், அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த அரசமைப்பு அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ முடியாது என்றது. காரணமின்றி நீண்டகாலம் சும்மா இருந்தால் மட்டும் குறைந்த அளவில் தலையிடலாம் என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் முடிவை ஒருவர் மௌனத்தால் முடக்கக்கூடாது என்று தமிழ்நாடு வாதாடியது முழுக்கச் சரி. அதே நியாயம் ஊராட்சிக்கும் பொருந்தும். ஆளுநரிடம் கால வரம்பு கேட்கும் அரசு, தன் கையிலுள்ள கால வரம்பை மதிக்க வேண்டும்.

எல்லைக் கோடும் தேர்தல் நாளும்

மறுவரையறை என்ற காரணத்தைச் சாத்தான்குளத்துக்காரர்கள் இன்னொரு வகையிலும் அறிவார்கள். பல பத்தாண்டு சாத்தான்குளம் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2003 பிப்ரவரியில் அங்கே நடந்த இடைத்தேர்தல் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நீதிபதி குல்தீப் சிங் ஆணையம் செய்த மறுவரையறை 2008-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தத் தொகுதி மறைந்து, ஊர் ஸ்ரீவைகுண்டம் தொகுதிக்குள் போனது. திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியும் மறைந்து தூத்துக்குடி வந்தது. சேரன்மகாதேவியும் அதே வரைவில் போனது. தொகுதியின் பெயர் போனதில் ஊருக்கு மனக்குறை இருந்தது. ஆனாலும் அந்த மறுவரையறைக்காக 2009 மக்களவைத் தேர்தலோ 2011 சட்டமன்றத் தேர்தலோ ஒரு நாளும் தள்ளிப்போகவில்லை. மறுவரையறை முடியாமல் இருந்திருந்தால் பழைய தொகுதிகளிலேயே தேர்தல் நடந்திருக்கும். எல்லை வரைவது தேர்தலுக்காகக் காத்திருக்கலாம். தேர்தல் எல்லைக்காகக் காத்திருக்காது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இது அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்ட ஒழுங்கு. ஊராட்சிக்கு மட்டும் ஏன் மாறுகிறது?

உச்ச நீதிமன்றம் இதை இருமுறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில், ஐந்தாண்டுக்குள் தேர்தல் என்பதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும், மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் தேர்தல் ஆணையம் நீதிமன்றத்தை நாடலாம் என்றது. 2022 மே மாதம், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த சுரேஷ் மகாஜன் வழக்கில், மறுவரையறை நிலுவையில் இருப்பது தேர்தலைத் தள்ள ஒரு காரணமே ஆகாது என்றது. தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொரு முறையும் யாராவது வழக்குப் போட்டால்தான் உயிர் பெறுகின்றன. வழக்கு நடக்கிற காலமே தாமதமாகிவிடுகிறது.

எனவே மாற்ற வேண்டியது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தையும்தான். பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போது எந்த வார்டு எல்லை நடைமுறையில் உள்ளதோ அதுவே அடுத்த தேர்தலுக்கும் செல்லும் என்று எழுத வேண்டும். சுழற்சி முறை இடஒதுக்கீட்டு அரசாணை அதே நாளுக்குள் வராவிட்டால், சட்டத்திலேயே வகுத்த வாய்பாட்டின்படி மாநிலத் தேர்தல் ஆணையம் ஒதுக்கீட்டை அறிவிக்கும் அதிகாரம் வேண்டும். இது இல்லாவிட்டால், 2016-இல் போல, தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உரிய நியாயமான கோரிக்கையே தேர்தலை நிறுத்தும் கருவியாகிவிடும். புது மாவட்டம் பிரித்தால் அது உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்துதான் நடைமுறைக்கு வர வேண்டும். தனி அலுவலர் நியமனத்துக்கு ஒரே ஒரு ஆறு மாதம், நீட்டிப்பு இல்லை. அமெரிக்காவில் விவாதத்துக்கு முடிவுநாள் கேட்டார்கள்; நாம் கேட்க வேண்டியது அரசின் மௌனத்துக்கு முடிவுநாள்.

இதற்கான களம் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டுள்ளன. தனி அலுவலர் தலைமையில் கூடினாலும் தீர்மானம் மக்களுடையது. எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் தேதியை அறிவியுங்கள், சட்டத்தில் இந்தத் திருத்தங்களைச் செய்யுங்கள் என்று ஒரு வட்டாரத்தின் எல்லா ஊராட்சிகளும் ஒரே நாளில் தீர்மானம் போட்டு, கையொப்பத்தோடு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பினால், அது வழக்குக்கும் ஆவணம், வாக்குக் கேட்டு வருபவரிடம் நீட்டவும் ஆவணம். திருநெல்வேலி, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களில் 2021-இல் வென்றவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. சாத்தான்குளம் பேரூராட்சியின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது.